1820: ஸ்காட்லாந்தில் தறிகள் நின்ற வாரம் (விவாத இழை)

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

1820 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் புறப்பட்ட கிளாஸ்கோ மக்கள், தெருமுனைகளில் ஒரு சுவரொட்டியைக் கண்டார்கள். தற்காலிக அரசு ஒன்றை நிறுவுவதற்கான குழுவின் ஆணைப்படி வெளியிடப்படுவதாகச் சொன்ன அந்த அறிக்கையில் எவருடைய பெயரும் இல்லை. உரிமைகள் கிடைக்கும்வரை தொழிலாளர்கள் அனைவரும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும், படைவீரர்கள் தம் மக்கள்மீது துப்பாக்கியைத் திருப்பக் கூடாது என்றும் அது கேட்டுக்கொண்டது. மறுநாள் கிளாஸ்கோ, பெய்ஸ்லி ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த நெசவு ஊர்களிலுமாக ஏறத்தாழ 60,000 பேர் வேலைக்குச் செல்லவில்லை.

இந்த எண்ணின் பெருமையை உணர இன்னோர் எண்ணை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1821 கணக்கெடுப்பின்படி கிளாஸ்கோவின் மொத்த மக்கள்தொகையே 1,47,000 அளவில்தான் இருந்தது. தொழிற்சங்கம் என்று சொல்லத்தக்க எதுவும் சட்டப்படி இயங்க முடியாத காலத்தில், ஒரு தாள் அச்சிட்டு ஒட்டப்பட்ட 24 மணி நேரத்துக்குள் இத்தனை பேர் ஒரே முடிவை எடுத்தார்கள்.

ஆயினும் இந்த ஆண்டைப் பற்றிய விவரிப்புகள் பெரும்பாலும் இந்த வேலைநிறுத்தத்தை ஒரே வரியில் கடந்து, பானிமூரில் குதிரைப்படையுடன் நடந்த சிறு மோதலுக்கும், அதன்பின் நடந்த தூக்குத் தண்டனைகளுக்கும் போய்விடுகின்றன. 'ரேடிக்கல் போர்' ('ரேடிக்கல்' என்றால் தீவிரச் சீர்திருத்தவாதி) என்ற பெயரே அந்த மோதலை மையமாக வைத்துத்தான் நிலைத்தது. முப்பது பேர் கலந்துகொண்ட மோதலைவிட, அறுபதாயிரம் பேர் கலந்துகொண்ட வேலைநிறுத்தமே அந்த ஆண்டின் மைய நிகழ்வு என்பது என் துணிபு. இதைப் பற்றி விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கலங்கரை

நல்ல தொடக்கம், இளவேனில். ஆனால் அந்தச் சுவரொட்டியை எழுதியவர் யார் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டு நாம் மேலே செல்ல முடியாது. வாக்குரிமை கேட்ட சீர்திருத்தவாதிகளின் குழுவைச் சேர்ந்தவர்கள் மார்ச் 21 அன்றே கிளாஸ்கோவில் கூடியிருந்த இடத்திலேயே கைது செய்யப்பட்டுவிட்டனர். தலைவர்கள் சிறையில் இருக்கும்போது, இரண்டு வாரத்துக்குள், அந்தக் குழுவின் பெயரால் அறிக்கை வெளிவருகிறது என்றால் ஐயம் எழுவது இயல்பே.

உள்துறை அமைச்சர் சிட்மத் பிரபுவின் காலம் ஒற்றர்களின் காலம். 1816–17இல் கிளாஸ்கோ நெசவாளர்களிடையே இருந்துகொண்டு செய்திகளை மேலிடத்துக்கு அனுப்பிய அலெக்சாண்டர் ரிச்மண்ட் தாமும் ஒரு நெசவாளர்தான். 1820 பிப்ரவரியில் லண்டன் கேட்டோ தெருவில் அமைச்சர்களைக் கொல்லத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டபோது, அந்தத் திட்டத்தை ஊக்கிவளர்த்தவர்களுள் ஒருவரான ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அரசின் ஆள் என்பது வெளிப்பட்டது. கிளாஸ்கோவிலும் ஜான் கிங் என்பவர் இரவோடு இரவாகக் காண்டொராட் என்ற ஊருக்குச் சென்று, கிளர்ச்சியாளர்களின் பெரும்படை ஒன்று வந்துகொண்டிருப்பதாக, பின்னர் பானிமூரில் போரிட்ட ஜான் பெயர்டிடம் சொன்னார். பிறகு காமலன் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வருவதாகச் சொல்லி முன்னால் சென்றார். அவர் வாக்களித்த ஆட்கள் வரவே இல்லை. குதிரைப்படைதான் வந்தது. இது திட்டமிட்டு விரிக்கப்பட்ட வலை என்று நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தறிமேடை

ஒற்றர் விவாதத்துக்குள் போவதற்குமுன் அந்த மக்கள் ஏன் தறியை நிறுத்த ஆயத்தமாக இருந்தார்கள் என்பதைச் சற்றுப் பார்த்துவிடலாம். நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தப் பகுதியே என்னை அதிகம் ஈர்க்கிறது.

விசைத்தறி வந்து கைத்தறியை அழித்தது, அதனால் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை 1820க்குப் பொருத்துவது சரியன்று. அந்த ஆண்டில் ஸ்காட்லாந்து முழுவதிலும் ஏறத்தாழ 2,000 விசைத்தறிகளே இருந்தன. கைத்தறி நெசவாளர் எண்ணிக்கையோ அதன்பின்னும் இருபது ஆண்டுகள் கூடிக்கொண்டே போனது. உண்மையான சிக்கல், நெசவுக்குள் வந்து குவிந்த ஆட்களின் பெருக்கம். நூற்பாலைகள் நூலை மலிவாகவும் மிகுதியாகவும் தந்தன. நெசவைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் தேவைப்படவில்லை. ஹைலேண்ட் பகுதியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கும், 1815இல் நெப்போலியப் போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்களுக்கும் தறியே எளிதில் கிடைத்த வேலை. ஆள் பெருகப் பெருகக் கூலி சரிந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நெசவாளர் வாங்கிய கூலியில் பாதிகூட 1820இல் அவர் கைக்கு வரவில்லை.

இதோடு 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டமும் சேர்ந்துகொண்டது. உள்நாட்டில் கோதுமை விலை குவார்ட்டர் (ஒரு தானிய அளவு) ஒன்றுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை சந்தைக்கு வரக்கூடாது என்றது அந்தச் சட்டம். நிலவுடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் தங்கள் குத்தகை வருவாயைக் காத்துக்கொள்ள இயற்றிய சட்டம் என்பதை நெசவாளர்கள் மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். கில்பார்கன் போன்ற நெசவு ஊர்களில் தறி நின்ற அறைக்கு மண் தரையே இருந்தது. தரை ஈரமாக இருந்தால்தான் மெல்லிய இழை காய்ந்து அறாமல் இருக்கும். நம் ஊர்க் குழித்தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டில், நாள் முழுவதும் அந்த ஈரத்தில் கால்வைத்து உட்கார்ந்து மிதித்தவர்கள்தாம் அறிக்கைகளைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள், செய்தித்தாளுக்குக் கூட்டாகப் பணம் கட்டி வாங்கினார்கள்.

இளவேனில்

தறிமேடை அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னதோடு 1812ஆம் ஆண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூலியை நீதிபதிகள் நிர்ணயிக்கலாம் என்ற பழைய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. நெசவாளர்கள் அதை நம்பிப் பணம் திரட்டி வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் அவர்கள் கேட்ட கூலிப் பட்டியல் நியாயமானது என்று ஏற்றது. முதலாளிகள் அந்தக் கூலியைக் கொடுக்க மறுத்தார்கள். அதன்பேரில் ஸ்காட்லாந்து முழுவதும் ஏறத்தாழ 40,000 நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தீர்ப்பை மதிக்காத முதலாளிகளை விட்டுவிட்டு நெசவாளர்களின் தலைவர்களையே சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டில் நாடாளுமன்றம் கூலி நிர்ணயச் சட்டத்தையே நீக்கிவிட்டது. கூலி கேட்டு வழக்காடியவர்கள் வாக்குரிமை கேட்கத் தொடங்கியதற்கு இந்த ஏமாற்றமே வேர் என்று நான் கருதுகிறேன்.

அந்த வாக்குரிமையின் நிலைதான் என்ன? ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் வாழ்ந்த ஸ்காட்லாந்தில் வாக்காளர்கள் ஏறத்தாழ 4,500 பேர். கிளாஸ்கோ நகரத்துக்கெனத் தனி உறுப்பினர் கிடையாது. ரூதர்கிளென், ரென்ஃப்ரூ, டம்பார்டன் ஆகிய சிறு ஊர்களோடு சேர்ந்து ஒரே ஓர் உறுப்பினர். அவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நகர மன்றங்கள் தேர்ந்தெடுத்தன; அந்த மன்றங்களோ தம் உறுப்பினர்களைத் தாமே நியமித்துக்கொண்டவை.

கலங்கரை அவர்களின் ஐயத்துக்கு வருகிறேன். ஒற்றர்கள் இருந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கிங்கின் நடத்தை ஐயத்துக்குரியதுதான். ஆனால் அறிக்கையை அரசே எழுதியது என்பதை உறுதிசெய்யும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதில் இன்றும் இரு அணியாகவே நிற்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: ஒற்றனே எழுதினான் என்று வைத்துக்கொண்டாலும், அதைப் படித்து 60,000 பேர் தறியை விட்டு எழுந்ததை எந்த ஒற்றன் செய்தான்? 1816இல் கிளாஸ்கோ எல்லையை ஒட்டிய திரஷ்குரோவில் 40,000 பேர் கூடிச் சீர்திருத்தம் கேட்டார்கள். 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரின் பீட்டர்லூவில் அமைதியாகக் கூடியிருந்த மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தபின், செப்டம்பரில் பெய்ஸ்லியில் இறந்தோர் நினைவாகப் பெருங்கூட்டம் நடந்தது; அவர்களின் கொடிகளைப் பறிக்க முயன்றதால் எழுந்த கலவரம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. எட்டு ஆண்டுகளாகத் தம்மைத் தாமே திரட்டிக்கொண்ட மக்களை, எவனோ ஒருவனுடைய சூழ்ச்சிக்கு ஆட்பட்ட அப்பாவிகளாகச் சித்திரிப்பது அவர்கள்பால் இரக்கம் காட்டுவதுபோலத் தோன்றினாலும், அவர்களுடைய அறிவையும் முடிவெடுக்கும் உரிமையையும் மறுபடி பறிப்பதாகவே முடிகிறது.

கலங்கரை

வேலைநிறுத்தம் மக்களுடையது என்பதை ஏற்கிறேன். ஆயுதம் ஏந்திய பகுதியில் என் ஐயம் அப்படியே நிற்கிறது. பானிமூருக்குச் சென்றவர்களை யார் அங்கே அனுப்பினார்கள் என்பது, அதற்காகத் தூக்கிலிடப்பட்ட இரண்டு உயிர்களைப் பற்றிய கேள்வி. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

குறிஞ்சிமலர்

பானிமூர் மோதலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 4 இரவு கிளாஸ்கோவின் ஜெர்மிஸ்டனில் கூடியவர்களுள் ஒரு பிரிவினர், ஆண்ட்ரூ ஹார்டி என்ற இளம் நெசவாளரின் தலைமையில், ஃபால்கர்க் அருகிலிருந்த கேரன் இரும்பாலையை நோக்கிப் புறப்பட்டனர். பிரிட்டிஷ் கடற்படைக்கே பீரங்கி வார்த்துக் கொடுத்த ஆலை அது. அங்குள்ள தொழிலாளர்கள் தம் பக்கம் நிற்பார்கள், பீரங்கிகளைப் பெறலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இங்கிலாந்திலும் எழுச்சி நடந்தால் தெற்கிலிருந்து வரும் அஞ்சல் வண்டி நின்றுவிடும், அதுவே அடையாளம் என்று பேசிக்கொண்டார்கள். அஞ்சல் வண்டி வழக்கம்போல வந்தது.

ஹார்டி இரண்டு நாள் முன்பு செய்த ஒரு செயல் விசாரணையின்போது அவருக்கு எதிராக நின்றது. டியூக் தெருவில் ஒட்டியிருந்த அந்த அறிக்கையைக் கிழிக்க முயன்ற நீதிபதியை அவர் தள்ளிவிட்டுத் தடுத்திருந்தார். அந்த நீதிபதியின் குடும்பப் பெயரும் ஹார்டிதான்.

காண்டொராட்டில் ஜான் பெயர்டு ஒரு சிறு குழுவோடு இவர்களுடன் சேர்ந்துகொண்டார். முன்னாள் படைவீரரான அவருக்கு, இந்த ஆட்தொகையை வைத்துக்கொண்டு எதையும் கைப்பற்ற முடியாது என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. வழியில் காசில்கேரி விடுதியில் ரொட்டியும் பீரும் வாங்கியபோது, ஈட்டியும் துப்பாக்கியும் கையில் இருந்தும், பறிக்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். வழியில் எதிர்ப்பட்ட குதிரைப்படை வீரர் ஒருவரைப் பிடித்தபோதும், அவர் நல்லவிதமாகப் பேசியதை நம்பி, அறிக்கையின் படி ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே கில்சித்துக்குச் சென்று தம் அதிகாரியிடம் செய்தியைச் சொன்னார். ஏப்ரல் 5 அன்று லெப்டினன்ட் ஹாட்சன் தலைமையில் வந்த குதிரைப்படையை அந்த முப்பது பேரும் ஒரு கற்சுவரின் பின்னால் நின்று எதிர்த்தனர். மோதல் விரைவில் முடிந்தது. பிடிபட்டவர்கள் ஸ்டர்லிங் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மறுநாள் ஸ்ட்ராத்தேவன் ஊரிலிருந்து, அறுபது வயதை ஒட்டிய ஜேம்ஸ் வில்சனும் இருபத்தைந்து பேர் அளவிலான குழுவும் கேத்கின் குன்றுகளை நோக்கி நடந்தனர். அங்கே படை கூடியிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வில்சன் ஐயுற்று இடையிலேயே திரும்பிவிட்டார். குன்றுவரை சென்றவர்கள் அங்கே எவரையும் காணாமல் கலைந்தனர். 'ஸ்காட்லாந்து விடுதலை பெறட்டும், இல்லையேல் பாலைவனமாகட்டும்' என்ற பொருளுடைய வாசகம் அவர்களுடைய கொடியில் இருந்தது. இந்த வாசகத்தை வைத்துப் பார்த்தால், இதை ஸ்காட்லாந்தின் தேசிய விடுதலைப் போராட்டம் என்று கொள்வதில் என்ன தவறு?

இளவேனில்

தேசிய உணர்வு இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட வாலஸையும் புரூஸையும் தம் கூட்டங்களில் நினைவுகூர்ந்தவர்கள். ஆனால் ஏப்ரல் அறிக்கை யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். பெரிய பிரித்தானிய, அயர்லாந்து மக்கள் அனைவரையும் அது விளிக்கிறது. சான்றாக அது எடுத்துக்காட்டுவது மாக்னா கார்ட்டாவையும் உரிமைகள் மசோதாவையும். இரண்டும் இங்கிலாந்தின் வரலாற்றில் பிறந்தவை. சொத்தில் சமத்துவத்தை அன்று, உரிமையில் சமத்துவத்தையே கேட்கிறோம் என்று அது தெளிவுபடுத்துகிறது. அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த அடையாளம் இங்கிலாந்திலிருந்து வரும் அஞ்சல் வண்டி. மான்செஸ்டர் நெசவாளரோடு சேர்ந்து லண்டனில் அமர்ந்திருந்த நிலவுடைமையாளர் ஆட்சியை எதிர்த்தார்கள் என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

சட்டநூலன்

தேசியம் பற்றிய விவாதத்துக்கு விசாரணை நடந்த முறை ஒரு புதிய பக்கத்தைத் தருகிறது. 1707இல் இரு நாடுகளும் இணைந்தபோது ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றங்களும் அப்படியே காக்கப்படும் என்பது உடன்பாடு. ஆனால் மறு ஆண்டே இயற்றப்பட்ட 1708ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டம், இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் இங்கிலாந்தின் சட்டத்தை ஸ்காட்லாந்திலும் செல்லச் செய்தது. 1820இல் ஒரு சிறப்பு நீதி ஆணையம் ஸ்டர்லிங், கிளாஸ்கோ, டம்பார்டன், பெய்ஸ்லி, அயர் ஆகிய ஊர்களுக்குச் சென்று அந்தச் சட்டப்படியே விசாரித்தது. ஸ்காட்லாந்தின் வழக்கமான குற்ற விசாரணையில் ஜூரிகள் 15 பேர், பெரும்பான்மை போதும். இங்கோ 12 பேர், ஒருமனதான தீர்ப்பு. இங்கிலாந்து வழக்கறிஞரான ஹல்லக் அரசுத் தரப்பில் வந்து அமர்ந்தபோது, ஹார்டிக்காக வாதாடிய பிரான்சிஸ் ஜெஃப்ரி, ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு என்ன உரிமை என்று எதிர்ப்புத் தெரிவித்தார், அது ஏற்கப்படவில்லை.

ஜூரிகள் அரசின் விருப்பப்படியே நடந்துகொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பெய்ஸ்லியில் ஜேம்ஸ் ஸ்பியர்ஸை விடுவித்தார்கள். கிளாஸ்கோவில் வில்சன்மீது சுமத்தப்பட்டவற்றுள் ஒரு குற்றத்தில் மட்டுமே குற்றவாளி என்று கண்டு, கருணை காட்டும்படியும் பரிந்துரைத்தார்கள். அந்தப் பரிந்துரையை அரசு புறக்கணித்து ஆகஸ்டு 30 அன்று அவரைத் தூக்கிலிட்டுத் தலையையும் துண்டித்தது. ஏறத்தாழ 20,000 பேர் அதைப் பார்க்கக் கூடியிருந்தனர். குதிரைப்படையோடு உண்மையிலேயே மோதியவர்களுள் பெரும்பாலோர் நாடு கடத்தலோடு தப்பினர். எவரையும் தாக்காமல் பாதிவழியில் திரும்பிய ஒரு முதியவர் உயிரை இழந்தார். இந்த ஏற்றத்தாழ்வை எந்தச் சட்டநூலாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வில்சனின் உடலைக் கிளாஸ்கோவில் ஏழைகளுக்கான இடுகாட்டில் புதைத்தார்கள். அன்றிரவே அவருடைய மகளும் உறவுப் பெண் ஒருத்தியும் அதைத் தோண்டி எடுத்து ஸ்ட்ராத்தேவனுக்குக் கொண்டுசென்று சொந்த ஊர் மண்ணில் அடக்கம் செய்தார்கள். செப்டம்பர் 8 அன்று ஸ்டர்லிங்கில் பெயர்டும் ஹார்டியும் அதே முறையில் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 20 பேர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மணிமுத்தாறு

எல்லோரும் மூவரைப் பற்றியே பேசுகிறோம். ஏப்ரல் 8 அன்று கிரீனக்கில் நடந்ததை எவரும் இதுவரை குறிப்பிடாதது எனக்கு வருத்தமளிக்கிறது. பெய்ஸ்லியிலிருந்து ஐந்து கைதிகளைப் போர்ட் கிளாஸ்கோவின் ஆயுதந்தாங்கிய தன்னார்வப் படையினர் கிரீனக் சிறைக்குக் கொண்டுவந்தனர். கூடிய மக்கள் கல் எறிந்தனர். படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களுள் மூத்தவருக்கு வயது 65. ஜேம்ஸ் மக்கில்ப் என்ற சிறுவனுக்கு வயது எட்டு. அதன்பின் மக்கள் சிறையை உடைத்துக் கைதிகளை விடுவித்தார்கள்.

1820இல் உயிரிழந்தவர்களுள் பெரும்பாலோர் பானிமூரிலோ தூக்குமேடையிலோ இறக்கவில்லை, கிரீனக் தெருவில் இறந்தார்கள். அவர்கள் எந்தக் குழுவிலும் சேர்ந்திருக்கவில்லை, எந்தக் கொடியையும் ஏந்தவில்லை. இளவேனில் சொல்வதுபோல மையத்தை மோதலிலிருந்து மக்கள் பக்கம் திருப்புவதென்றால், முதலில் இந்த எட்டுப் பேரையும் நினைவுகூர வேண்டும்.

தறிமேடை

மணிமுத்தாறு அவர்களின் பதிவுக்குப் பின் சற்றுத் தள்ளிய செய்தி ஒன்றைச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த தாமஸ் மன்றோ சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்றது இதே 1820ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில்தான். பிறந்த ஊரில் நெசவாளர்களின் விசாரணைக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1813இல் நாடாளுமன்றத்தின் முன் சாட்சியம் அளித்தபோது, தாம் ஏழு ஆண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வையைப் புகழ்ந்து, ஐரோப்பியச் சால்வையை இலவசமாகத் தந்தாலும் அணியமாட்டேன் என்றார். காஷ்மீரச் சால்வையைப் பார்த்துப் பெய்ஸ்லி நெசவாளர்கள் நெய்த சால்வைகள் சந்தைக்கு வந்துவிட்ட காலம் அது. அன்று பெய்ஸ்லிக்காரருக்கு இந்தியத் துணி போட்டி; அடுத்த சில பத்தாண்டுகளில் லங்காஷயர், ஸ்காட்லாந்து ஆலைத் துணி சென்னை மாகாண நெசவாளரின் வாழ்வைக் குலைத்தது.

குறிஞ்சிமலர்

இறுதியாக ஒரு கேள்வி. இத்தனையும் நடந்தபின் பயன் என்ன விளைந்தது? 1832இல் வந்த சீர்திருத்தச் சட்டத்தை 1820இன் பலன் என்று கொள்ளலாமா?

சட்டநூலன்

ஒரு தொடர்பு உறுதியாக உண்டு. ஸ்டர்லிங்கில் ஹார்டிக்காக வாதாடிய ஜெஃப்ரிதான் 1830இல் ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞராகி, ஹென்றி காக்பர்னோடு சேர்ந்து ஸ்காட்லாந்துக்கான சீர்திருத்தச் சட்டத்தை வரைந்தார். வாக்காளர் எண்ணிக்கை 4,500இலிருந்து ஏறத்தாழ 65,000 ஆனது. 1835 ஆகஸ்டில் எஞ்சியிருந்த கைதிகளுக்கு முழு மன்னிப்பும் அளிக்கப்பட்டது. 1847இல் பெயர்டு, ஹார்டி இருவரின் எச்சங்களும் ஸ்டர்லிங்கிலிருந்து கிளாஸ்கோவின் சைட்ஹில் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன.

இளவேனில்

ஆனால் அந்த 65,000 பேருள் நெசவாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருப்பவருக்கே வாக்கு என்றது சட்டம். கூலி சரிந்து நின்ற நெசவாளருக்கு அது எட்டாத வீடு. வணிகரும் ஆலை முதலாளியும் வாக்குப் பெற்றார்கள். 1812இல் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்க மறுத்த முதலாளிகளின் வகுப்பு அது. ஆகவே 1832ஐ 1820இன் பலன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

எடின்பரோவில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். எழுச்சிக்குப்பின் வேலையற்றிருந்த நெசவாளர்களைக் கொண்டு சாலிஸ்பரி பாறைகளைச் சுற்றிப் பாதை அமைக்கலாம் என்று யோசனை சொன்னவர்களுள் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முதன்மையானவர். 'ரேடிக்கல் சாலை' என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது கட்டம்போட்ட டார்டன் உடைகளோடு வரவேற்பை ஏற்பாடு செய்தவரும் அவரே. வெளியுலகம் ஸ்காட்லாந்தின் அடையாளமாக அந்த வரவேற்பின் உடையை ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டுக்கு முன் மேற்கு ஊர்களில் தறிகள் நின்றது அதற்குப் பின்னால் போய்விட்டது.

நெசவாளர்கள் தம் கோரிக்கையை விட்டுவிடவில்லை. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, மறைவான வாக்களிப்பு, ஆண்டுதோறும் நாடாளுமன்றம் என்று 1838 மே 21 அன்று மக்கள் சாசனத்தை முன்வைத்து கிளாஸ்கோ கிரீன் திடலில் பெருங்கூட்டம் நடந்தது. அடுத்து அந்தச் சாசன இயக்கத்தில் ஸ்காட்லாந்து நெசவு ஊர்களின் பங்கைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்க எண்ணியிருக்கிறேன். பெய்ஸ்லியின் சங்கங்களைப் பற்றிப் படித்தவர்கள் இருந்தால் இங்கேயே தெரிவியுங்கள்; தறிமேடை அவர்கள் கூலிப் பகுதியை எழுத முன்வந்தால் மிகவும் மகிழ்வேன்.

தறிமேடை

எழுதுகிறேன். 1812 கூலிப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.